ஐந்து மில்லி தேறாத பால்

எங்கள் பால் பண்ணையில் போன மாதம் ஒரு புதிய இயந்திரத்தை இறக்கியிருக்கிறார்கள். பாலை ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் கொழுப்பு எவ்வளவு என்று எண்ணாகக் காட்டுமாம். அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, தேங்காய் உடைத்துத் தொடங்கி வைத்த விழாவுக்கு ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். தேங்காய்த் தண்ணீர் உள்ளே இறங்கி இயந்திரம் அப்போதே நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் வரும்வரை எல்லோரும் வடையைத் தின்றபடி உட்கார்ந்திருந்தபோது, ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, இது இல்லாம அந்தக் காலத்துல எப்படிண்ணே அம்புட்டுப் பாலையும் பார்த்து வாங்குனீக?"

மூக்கால் என்றேன். சிரித்தார்கள். ஊழியர் சங்க மலருக்கு அதையே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுத உட்கார்ந்தால் மூக்கைப் பற்றி மட்டும் எழுத முடியவில்லை. இதுவரை நான் எழுதாத ஒரு விஷயத்துக்கு அது என்னை இழுத்துக்கொண்டு போகிறது. சரி, அங்கேயே போகிறேன்.

நான் வேதியியல் படித்தவன். பட்டம் வாங்கிய கையோடு பால் பண்ணையில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. பயிற்சிக்கென்று வெளியூருக்கு அனுப்பினார்கள். அங்கே கற்றதில் இன்றும் நினைவில் நிற்பவை இரண்டு. கண்ணாடிக் குழாயை உடைத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். உடைத்தது யார் என்று தெரியாவிட்டால் எல்லோர் சம்பளத்திலும் பிடிப்பார்கள். மற்றதையெல்லாம் கொட்டாம்பட்டிப் பக்கத்தில் இருந்த குளிரூட்டும் நிலையத்தில் கிராமத்து ஜனங்களிடம் வசவு வாங்கித்தான் கற்றேன். எழுபதுகளின் நடுவில் மதுரையில் இருந்த பெரிய பண்ணைக்கு மாற்றலாகி வந்து, சிதம்பரநாதன் சாரிடம் சேர்ந்தேன்.

தரக்கட்டுப்பாட்டு அதிகாரி என்பது அவருடைய பதவி. மூக்குக்காரர் என்பது அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர். காலையில் பால் வரத்து முடியும்வரை காபி குடிக்க மாட்டார். வாசனை சோப்புப் போட மாட்டார். வெற்றிலை, பொடி எதுவும் கிடையாது. அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் அவர் மனைவி தலையில் பூ வைக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். மதுரையில் பிறந்து மல்லிகைப்பூ வைக்க வேளை பார்த்த ஒரே சுமங்கலி அந்த அம்மாள்தான் என்று பண்ணையில் பேசிக்கொள்வோம்.

அவர் பாலைப் பார்க்கும் விதத்தை எழுதி வைக்க வேண்டும். இயந்திரம் அதைக் காட்டாது. கேனுக்குள் அவர் மூக்கை விட மாட்டார். மூடியைத் தட்டித் திறந்ததும் அதைத் திருப்பி, உட்பக்கத்தை முகத்துக்கு அருகே கொண்டு போவார். பாலில் இருந்து எழும் வாசம் மூடியில்தான் போய்த் தங்கும். பாலை மோந்தால் ஏமாறலாம், மூடியை மோந்தால் ஏமாற முடியாது என்பார். ஒரே ஒரு மூச்சு. பிறகு தலையை இடப்பக்கம் திருப்பி அந்த மூச்சை வெளியே விடுவார், அடுத்த மூடியில் இந்த மூடியின் வாசம் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. தலை மறுபடி நேராக வந்தால் கேன் உள்ளே போகும். திரும்பிய தலை அப்படியே நின்றுவிட்டால் கேன் ஓரமாகப் போகும். அதிகம் பேசுவது கிடையாது. என்றைக்காவது, "கொட்டகைல வெங்காயம் காயப் போட்டிருக்கான்" என்பார். விசாரித்தால் போட்டிருப்பான்.

ஓரமாகப் போகும் கேன்களில் அவருக்கு மிகவும் பிடிக்காதது சீம்பால் கலந்த கேன். கன்று போட்ட மாட்டின் பாலை ஒரு வாரத்துக்கு ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றக் கூடாது என்பது விதி. ஒரு கேனில் கலந்திருந்தாலும், பாலைச் சூடேற்றும்போது மொத்தமும் திரிந்து, குழாய்கள் அடைத்து, மறுநாள் மதுரைக்குக் காபி கிடையாது. அதனால் மூக்குக்குச் சந்தேகம் வந்த பால் உடனே ஆய்வுக்கூடத்துக்கு வரும். சோதனைக்குழாயில் சரியாக ஐந்து மில்லி அளந்து ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க விடுவோம். திரிந்தால் ரிஜெக்ட். உடனே கேனில் ஒரு கரண்டி நீலச் சாயத்தை ஊற்றிக் கலக்கிவிடுவோம். வெள்ளையாகத் திருப்பிக் கொடுத்தால் அதே பால் வேறு சங்கத்தின் பெயரில், வேறு கேனில், முகம் கழுவிக்கொண்டு மறுபடி வந்து நிற்கும் என்பது அனுபவம். நீலமான தன் பாலைப் பார்த்து ஒரு விவசாயி, "கிருஷ்ணருக்கு அபிசேகம் பண்ணலாம்ல சார், நெறம் பொருத்தமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊழியர் யார் வீட்டு மாடாவது கன்று போட்டால் அன்று ஆய்வுக்கூடத்தில் திருவிழாதான். கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு அவித்த சீம்பாலைத் தூக்குச்சட்டியில் கொண்டு வருவார்கள். இந்தக் கையால் சாயத்தை ஊற்றிவிட்டு, அதைக் கழுவிக்கொண்டு வந்து ஆளுக்கு ஒரு வில்லை தின்போம். தூக்குச்சட்டியில் வந்தால் பலகாரம், கேனில் வந்தால் குற்றவாளி. இதில் யாருக்கும் எந்த முரணும் தெரிந்ததில்லை. எனக்கும் தெரியவில்லை, என் மனைவி ராஜேஸ்வரி மூன்றாவது முறையாக உண்டாகும்வரை.

அப்போது எனக்கு நரை விழுந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ராஜேஸ்வரி தொடக்கப்பள்ளி ஆசிரியை. முதல் இரண்டு முறையும் மாதம் நிறையவில்லை. முதலாவது பிறக்கும்போதே போய்விட்டது. இரண்டாவது ஓரிரு நாள் சர்க்கரைத் தண்ணீரில் இருந்துவிட்டுப் போனது. அந்த நாட்களில் ராஜேஸ்வரிக்குக் கட்டிய மஞ்சள் பாலைக் கெட்ட பால் என்று சொல்லிக் கிண்ணத்தில் பீய்ச்சினார்கள். வாழை மரத்தடியில் ஊற்றச் சொல்லிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்கள். ஊற்றினேன். அது எனக்குப் பழகிய வேலைதானே.

மூன்றாவது முறை எட்டாம் மாதத் தொடக்கத்தில் கால் வீங்கியது, ரத்தக்கொதிப்பு ஏறியது. ஒரு சிறிய நர்சிங் ஹோமில் சேர்த்தோம். துணைக்கு டி. கல்லுப்பட்டியில் இருந்து என் அக்கா பாக்கியம் வந்து சேர்ந்தாள். அவள் கையோடு கொண்டு வந்தவை ஒரு பெட்டி, குழந்தைக்குப் பால் புகட்ட ஒரு பாலாடை, பிறக்கப் போகும் குழந்தையின் நாக்கில் யார் சேனை தொட்டு வைப்பது என்ற முடிவு. பிறந்த குழந்தைக்கு முதன்முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அத்தானைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அத்தானின் குணத்தைப் பற்றி அதற்கு முன் அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கே இருந்த டாக்டர் அமலா சின்ன வயதுக்காரர், சுற்றி வளைக்காமல் பேசுவார். ஒரு நாள் பகலில் பரிசோதித்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலைல ஆபரேஷன் சார். இனிமேயும் காத்திருந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து. பிள்ள ரொம்பச் சின்னதா இருக்கும். அம்மாவுக்கு வலிப்பு வராம இருக்க மருந்து போட்டு வச்சிருப்போம், ரெண்டு மூணு நாளைக்குக் கண்ணு முழிச்சுப் பால் குடுக்க முடியாது. அதனால இப்பவே எடுத்து வச்சுக்கலாம்."

"எதை டாக்டர்?"

"சீம்பாலத்தான். இவங்களுக்கு இப்பவே ஊறிக் கசியுது. இத்தன நாளா அமுக்கக் கூடாது, வலி வந்துரும்னு சொன்னேன். இனி வலி வந்தாலும் பாதகமில்ல. பிள்ளைக்கு மொத மொத அதுதான் போகணும். அது மருந்து மாதிரி."

சீம்பால் என்ற சொல்லைக் கேட்டால் என் கை தானாகச் சாயக் கரண்டியைத் தேடும். இவர் அதை மருந்து என்கிறார். தலையை ஆட்டினேன். 'ரெண்டு பேருக்கும் ஆபத்து' என்பதற்கு மேல் அன்று எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை என்பதுதான் உண்மை.

நான் ஓடிப்போய் ஆய்வுக்கூடத்தில் இருந்து மூடி போட்ட இரண்டு சிறிய மாதிரிப் புட்டிகளை எடுத்து வந்து, மூடியோடு கொதிக்க வைத்துக் கவிழ்த்தேன். வாழ்நாளில் நான் உருப்படியாகக் கற்றது புட்டி கழுவுவது ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. டாக்டர் ராஜேஸ்வரியைச் சாய்ந்து உட்கார வைத்து, வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்துக் காட்டினார். இழுக்கக் கூடாது. உள்நோக்கி அமுக்கி, விரல்களை ஒன்றையொன்று நோக்கி நகர்த்தி, விட வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு, கெட்டியாக, மாட்டு நெய்யின் நிறத்தில், விழ மனமில்லாமல் தொங்கிக்கொண்டு நின்றது. டாக்டர் அதைக் கரண்டியின் ஓரத்தால் வாங்கினார்.

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். சுவரிடமே பேசினாள்.

"மூணு நாளைக்குப் பீய்ச்சி ஊத்த வேண்டிய வெசத்த யாராச்சும் புட்டில அடைப்பாகளா?"

"மாடு கன்னு போட்டா மட்டும் சட்டிய எடுத்துக்கிட்டு மொத ஆளாப் போறீங்களே, மதினி" என்றாள் ராஜேஸ்வரி. முகம் வீங்கி, கண் சரியாகத் திறக்காத நிலையிலும் அவளுக்கு ஆசிரியைக் குணம் போகவில்லை.

"அது மாடுத்தா. மாட்டுக்கு எல்லாம் செரிக்கும்."

"திங்கிறது நீங்கதான மதினி?"

அக்கா சுவரோடு இருந்த பேச்சை முடித்துக்கொண்டாள்.

பிற்பகலில் ஒரு புட்டியில் விரற்கடை அளவு சேர்ந்தது. மாலையில் இரண்டாவது புட்டியில் அதில் பாதிகூட இல்லை. ராஜேஸ்வரி களைத்துப்போனாள். இனிமேல்தான் சிக்கலே ஆரம்பித்தது. இதை எங்கே வைப்பது?

நர்சிங் ஹோமில் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. மருந்துக்காக வாங்கியது என்று அதன் மேல் எழுதியிருந்தது. திறந்தால் முதல் தட்டில் உரிமையாளர் வீட்டு விசேஷத்துக்கான மல்லிகைப் பந்துகள், இரண்டாம் தட்டில் தயிர், மூன்றாம் தட்டில் கணக்கருடைய மாங்காய்த் துண்டுகள். மருந்து கதவோரம் ஒண்டிக்கொண்டிருந்தது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றால், அது அழகர் ஆற்றில் இறங்கும் வாரம். வெயிலும் விளக்கு அலங்காரமும் சேர்ந்து மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. ஐஸ் வாங்கலாம் என்று ஊரெல்லாம் அலைந்தேன். மதுரையில் இருந்த ஐஸ் கட்டி அத்தனையும் நீர்மோர்ப் பந்தல்களுக்குப் போயிருந்தது. தெருவுக்குத் தெரு என்னை நிறுத்தி இலவசமாக மோர் கொடுத்தார்கள். ஒரு புட்டியைக் குளிர வைக்கக் கையளவு ஐஸ் கேட்டபோது, "குடிச்சுட்டுப் போங்கண்ணே, எதுக்கு ஐஸு" என்றார்கள்.

கரண்டு போனாலும் குளிர் போகாத இடம் மதுரையில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. புட்டிகளை ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பால் பண்ணைக்குப் போனேன்.

வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்தார். வெளியில் இருந்து வரும் பால் அதிகாரி அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்று எனக்கே விதியைச் சொன்னார். அந்த விதியைத் தட்டச்சு செய்து அவர் அறையில் ஒட்டியவன் நான். அதனால் வாக்குவாதம் செய்ய வழியில்லை. சிதம்பரநாதன் சாரே வாசலுக்கு வந்தார்.

"எந்தச் சங்கத்துப் பால்யா?"

"சங்கமில்ல சார். வீட்டுது."

"மாடு வாங்கிட்டியா?"

காவலாளி நின்றுகொண்டிருந்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "என் சம்சாரத்துது சார். நாளைக்கு ஆபரேஷன். குறைமாசம். பிள்ளைக்குக் குடுக்க எடுத்து வச்சது" என்று ஒரே மூச்சில் சொன்னேன். பழக்கதோஷத்தில், "சீம்பால் சார்" என்று சேர்த்தும் தொலைத்தேன்.

அவர் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். முதல் புட்டியின் மூடியைத் திறந்து, திருப்பி, உட்பக்கத்தை முகத்துக்கு அருகே கொண்டு போனார். ஒரு மூச்சு. தலை இடப்பக்கம் திரும்பியது. ஆயிரக்கணக்கான தடவை பார்த்த தலைதான். ஆனால் அன்று அது நேராக வரும்வரை நான் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

தலை நேராக வந்தது. இரண்டாவது புட்டிக்கும் வந்தது.

"புட்டி சுத்தம். புளிப்பு இல்ல. உள்ள வா" என்றார்.

எனக்குத் தெரிந்து எங்கள் பண்ணைக்குள் சீம்பால் முறைப்படி அனுமதிக்கப்பட்டது அந்த ஒரு முறைதான். குளிர் அறையில் மாதிரிப் புட்டிகளுக்கான அலமாரியின் மேல்தட்டில் தன் கையால் வைத்தார். பிறகு விதி குறுக்கே வந்தது. அந்த அலமாரியில் சீட்டு ஒட்டாமல் புட்டி இருக்கக் கூடாது. சீட்டில் அச்சடித்த கேள்விகள் மூன்று. சங்கத்தின் பெயர். பசுவா, எருமையா. காலையா, மாலையா.

நாங்கள் இருவரும் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதல் கேள்விக்கு என் வீட்டுப் பெயரை எழுதலாமா என்று யோசித்தேன். இரண்டாவது கேள்வியை அவர் பார்த்துவிட்டு, நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார். கடைசியில் மூன்றாவது கேள்விக்கு மட்டும் 'மாலை' என்று எழுதி இரண்டு புட்டியிலும் ஒட்டினார். "காலைல வந்து எடுத்துக்கய்யா. நல்லபடியா நடக்கும்" என்றார். அவர் அதற்கு முன்னும் பின்னும் பாலைத் தவிர எதற்கும் நற்சான்று கொடுத்து நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை ராஜேஸ்வரியை ஆபரேஷன் அறைக்குள் கொண்டு போனார்கள். "பிள்ளைய வெளியே எடுத்ததும் கேட்பேன், ரெடியா வச்சிருங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசலில் அக்காவை உட்கார வைத்துவிட்டு நான் பண்ணைக்கு ஓடினேன். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் முருகேசன் எழுந்து நின்றான். புதிதாகச் சேர்ந்த உதவியாளன். நான் பழக்கிய ஆள். கண்ணுக்குப் படும் புட்டி எதுவானாலும் சந்தேகப்படு, அலமாரியில் பெயரில்லாத பால் இருந்தால் யாரையும் கேட்காதே, முதலில் கொதிக்க வைத்துப் பார் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தேன். அவன் முகத்தில் அன்று பெருமை பொங்கியது.

"அண்ணே, எவனோ நம்ம ரேக்குலயே சீம்பால் வச்சிருக்கான்ண்ணே. சங்கம் பேரு இல்ல, பசுவா எருமையான்னு இல்ல, மாலைன்னு மட்டும் போட்டிருக்கு. கலர் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. அஞ்சு மில்லி எடுத்துக் கொதிக்க வச்சேன், கட்டியாத் திரிஞ்சுருச்சு."

மேஜை மேல் சோதனைக்குழாயில் திரிந்த கட்டி நின்றது. பக்கத்தில் முதல் புட்டி, அடியில் மிச்சம் இருந்த கொஞ்சத்தோடு, அழகான நீல நிறத்தில்.

வாழை மரத்தடிதான் கண்ணில் வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன். என்னைப் பாராட்டத் தெரியாதவன் என்று நினைத்தானோ என்னவோ, முருகேசன் தன் சேவையை முழுவதும் விளக்க முற்பட்டான்.

"இன்னொரு புட்டியும் இருக்குண்ணே. அதையும் பார்த்திருப்பேன். ஆனா அளந்தா அஞ்சு மில்லி தேறல. தேறாத சாம்பிளை டெஸ்ட் பண்ணக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீக? டெஸ்ட் பண்ணாம சாயமும் போடக் கூடாது. அதான் சார் வந்து சொல்லட்டும்னு அளந்ததத் திருப்பி ஊத்தி மூடி, பழைய எடத்துலயே வச்சுட்டேன்."

"எதுல அளந்த?" என்றேன்.

"ஆவில வச்சுச் சுத்தம் பண்ணுன புதுக் குழாய்லதாண்ணே. நீங்க சொல்லிக் குடுத்தத நான் மாத்துவேனா?"

என் முப்பது வருட உத்தியோகத்தில் விதிகளால் விளைந்த நன்மை என்ன என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு விதி முதல் புட்டியைக் கொன்றது. இன்னொரு விதி இரண்டாவதைக் காப்பாற்றியது. இரண்டையும் கற்றுக்கொடுத்தவன் நான்தான். முருகேசன் இரண்டையும் அட்சரம் பிசகாமல் செய்திருந்தான். அவனைத் திட்டவும் முடியவில்லை, கட்டிப்பிடிக்கவும் முடியவில்லை.

சிதம்பரநாதன் சார் உள்ளே வந்தார். நீலப் புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குளிர் அறைக்குள் போய் இரண்டாவது புட்டியை எடுத்து வந்து, மூடியைத் திறந்து ஒருமுறை மோந்து, தலையை நேராக்கினார். ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்க்கில் அதைத் தானே இறக்கி வைத்தார். "சைக்கிள்ல போகாத. வழியெல்லாம் கூட்டம். வண்டில போ" என்றார். வண்டி என்றால் பால் லாரி. பந்தல்களுக்குப் பாலை இறக்கிவிட்டுக் காலியாக நின்றுகொண்டிருந்தது.

அப்படியாக ஒரு லாரி, ஐந்து மில்லிகூடத் தேறாத பாலை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஃபிளாஸ்க்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தேன். ஆற்றுப் பக்கம் போகும் தெருக்களெல்லாம் ஜனம். பாலத்துக்கு முன்னால் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"என்ன லோடு?"

"பாலுங்கய்யா" என்றார் டிரைவர்.

"எம்புட்டு?"

டிரைவர் என் மடியைப் பார்த்தார். "சொன்னா நம்ப மாட்டீகய்யா" என்றார். பந்தல்களுக்கு அன்று பால் அவ்வளவு தேவைப்பட்டது. போலீஸ்காரர் விசிலடித்துக் கூட்டத்தை விலக்கி, எங்களுக்கு மட்டும் வழிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. பெண். மரப்பெட்டியில் பஞ்சு பரப்பி, மேலே பல்பு எரியவிட்டு அதனுள் கிடத்தியிருந்தார்கள். என் உள்ளங்கையும் மணிக்கட்டும் சேர்ந்தால் அவ்வளவுதான் அவள். அழத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். ராஜேஸ்வரியை இன்னும் வெளியே கொண்டு வரவில்லை. பெட்டிக்கு ஒரு பக்கம் டாக்டர் நின்றார். மறுபக்கம் பாலாடையில் சர்க்கரைத் தண்ணீரோடு அக்கா. அவளுக்குப் பின்னால், சட்டைப் பித்தானை எல்லாம் மாட்டிக்கொண்டு, தன் குணத்தை வழங்கத் தயாராக அத்தான்.

டாக்டர் சர்க்கரைத் தண்ணீர் கூடாது என்று ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தார் போலிருக்கிறது. அக்காவின் குரல் உடைந்திருந்தது. அவள் பிடிவாதத்துக்குள் இருந்த பயம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்பு போன இரண்டையும் மடியில் வாங்கியவள் அவள்தான்.

"தம்பி, நீயாச்சும் சொல்லுடா. இதும் போயிரும்டா. அந்தப் பால் வேணாம்டா."

எனக்கு வேதியியல் தெரியும். அதை வைத்து அக்காவிடம் பேச ஒரு வார்த்தையும் வரவில்லை. வந்தது இதுதான்.

"அக்கா, சிதம்பரநாதன் சார் மோந்து பார்த்து பாஸ் பண்ணிட்டாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். வருடக் கணக்காக அந்த மூக்கின் கதைகளை நான் அவளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். கல்லுப்பட்டியில் தன் பால்காரரிடம் சண்டை போடும்போதெல்லாம் அவள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் மிரட்டுவாள்.

"அவரா? அவரே பாஸ் பண்ணுனாரா?"

"ரெண்டு தடவக்கா. நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு."

அக்கா பாலாடையைக் கீழே வைத்தாள். டாக்டரின் விளக்கத்துக்கும், ராஜேஸ்வரியின் நியாயத்துக்கும் அசையாதவள், நேரில் பார்த்தே இராத ஒரு மூக்குக்கு அடங்கினாள். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இம்புட்டுக்கா லாரி?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் புட்டியை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் நிறுத்தி, கொதிக்க வைத்து எடுத்த இங்க் ஃபில்லரில் கொஞ்சம் உறிஞ்சினார். ஒரு சொட்டைக் கீழ் உதட்டுக்கு உள்ளே விட்டார். அது அங்கேயே நின்றது. நாங்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்து அந்த மஞ்சள் சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு தொண்டையில் ஒரு சின்ன அசைவு. உதடு காலியாக இருந்தது.

"முழுங்கிட்டா" என்றார் டாக்டர். அடுத்த சொட்டை விட்டார்.

அந்தப் பால்தான் என் மகளைப் பிழைக்க வைத்தது என்று நான் எழுத மாட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அவள் பெட்டிக்குள் நீலம் பாரித்து எங்களைப் பதற வைத்தாள். ராஜேஸ்வரி கண் விழிக்கவே இரண்டு நாள் ஆனது. மயக்கத்தில் கிடந்தபோதும் டாக்டர் சொட்டுச் சொட்டாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது அக்கா. எது காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல எந்தச் சோதனைக்குழாயும் இல்லை. முதலில் உள்ளே போனது அது. அவ்வளவு எனக்குத் தெரியும். சேனை வைத்தவரின் குணம் வரும் என்றால், டாக்டர் அமலாவின் குணம் வர வேண்டும். அத்தானுக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு.

சிதம்பரநாதன் சார் அதற்குப் பிறகும் சீம்பாலை ரிஜெக்ட் செய்துகொண்டுதான் இருந்தார். ஓய்வு பெறும்வரை ஒரு கேனைக்கூட உள்ளே விடவில்லை. ஒரு மாற்றம் மட்டும் வந்தது. சாயக் கரண்டியை எடுப்பதற்கு முன்னால் கேன்காரரைப் பார்த்து, "கன்னுக்குட்டி குடிச்சிருச்சா?" என்று கேட்பார். குடிக்கவில்லை என்றால், சாயம் ஊற்றாமல் திருப்பிக் கொடுத்து, "போய் அதுக்கு ஊத்து" என்பார். அந்தப் பால் வேறு சங்கத்தின் பெயரில் மறுபடி வருமே சார் என்று முருகேசன் ஒருமுறை கேட்டான். "வந்தா எனக்குத் தெரியாதா?" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

மகள் மீனா இப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளி வாசலில் நான் போய் நிற்கும்போது, "பேத்தியா சார்?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன், விளக்கத் தெம்பில்லை. அவள் தும்மினால் எனக்குத் தூக்கம் போகிறது. தினமும் மாலை அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுப்பது என் வேலை. பாத்திரத்தின் மூடியைத் திருப்பி மோந்து பார்த்துவிட்டுத்தான் டம்ளரில் ஊற்றுவேன். ராஜேஸ்வரி சிரிப்பாள்.

இதில் கடைசிக் கேலி என்னவென்றால், மீனாவுக்குப் பால் பிடிக்காது. இரண்டு வாய் குடித்துவிட்டு, டம்ளரை முற்றத்துத் தொட்டிப் பக்கம் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள்.

"ரிஜெக்ட், அப்பா."

என் உத்தியோகம் முழுக்கப் பாலைக் கொட்டுவதில் போயிருக்கிறது. லாரி லாரியாகக் கொட்டியிருக்கிறேன், சாயம் ஊற்றிக் கொட்டியிருக்கிறேன். அந்த அரை டம்ளரை மட்டும் கொட்டவிட என்னால் முடிவதில்லை. ஓடிப்போய் வாங்கி நானே குடித்துவிடுகிறேன்.